நடைபாதையில் கிடந்தவரை மருத்துவமனையில் சேர்த்தேன். மறுநாள் அவர் அங்கே இல்லை

கேள்வி: கிழக்குத்திண்ணை

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள மேம்பாலத்தின் கீழே, அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் நான்கைந்து ஆண்டுகளாகத் தங்கியிருக்கிறார். அட்டைப் பெட்டிகளையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் பொறுக்கிப் பழைய பேப்பர் கடையில் போட்டுப் பிழைப்பவர். அவர் யாரிடமும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்பு ஒரு மாலை நான் வேலை முடிந்து திரும்பும்போது, தம் சாக்கு மூட்டையின் மேல் சாய்ந்தபடி, கூப்பிட்டால் முனகுவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாமல் கிடந்தார். வலது காலில் சுற்றியிருந்த துணி ஈரமாக இருந்தது. அருகில் சென்ற பிறகுதான் அது புண்ணிலிருந்து வடிந்த நீர் என்பது நாற்றத்தால் தெரிந்தது. எதிரே இருந்த டீக்கடைக்காரர், "சரக்கு ஏறிடுச்சு சார், காலையில எழுந்துடுவார்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை, 108-ஐ அழைத்தேன். கால் மணி நேரத்தில் வண்டி வந்துவிட்டது.

அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு மேசையிலும் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "கூட இருப்பது யார்?" என் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுவது, ரத்த மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டுச் சீட்டு வாங்கி வருவது என்று இரவு பதினொன்றரை மணி வரை ஓடிக்கொண்டிருந்தேன். நான் உறவினர் இல்லை என்று சொன்னபோதெல்லாம், அப்படியானால் உறவினர் யாரையாவது வரச் சொல்லுங்கள் என்றார்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். மறுநாள் மாலை போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். இவர் விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டதாகச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் பார்த்தால், அதே மேம்பாலத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். டிரிப்ஸ் ஏற்றுவதற்காகப் புறங்கையில் போட்ட ஊசி பிளாஸ்திரியோடு அப்படியே இருந்தது. அதன் மூடியைச் சுற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

நான் எங்கே தவறினேன் என்பதைத் தெரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். உறவினர் இல்லாத ஒருவருக்கு அவசர சிகிச்சை பெறச் சட்டப்படி என்ன உரிமை இருக்கிறது? என் எண்ணைக் கொடுத்ததால் எனக்கு ஏதேனும் பொறுப்பு வந்துவிட்டதா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தால், இந்த முறை வேறு எப்படிச் செய்வது?

பதில்: இரவுவண்டி

நான் ஒன்பது ஆண்டுகள் 108-இல் மருத்துவ உதவியாளராக இருந்தவன். தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008-இல் தொடங்கியது. அழைப்பை எடுப்பவரிடம் நீங்கள் முதலில் சொல்லும் சொற்கள் மிகவும் முக்கியம். "யாரோ ஒருத்தர் குடிச்சிட்டு விழுந்து கிடக்கிறார்" என்று தொடங்கினால், அந்தச் சொல் வண்டியோடு வந்து, மருத்துவமனை வாசல்வரை நோயாளியைத் தொடரும். அவர் குடித்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: சுயநினைவு இருக்கிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, ரத்தம் வருகிறதா, வலிப்பு வந்ததா, எத்தனை மணியிலிருந்து இப்படிக் கிடக்கிறார். இடத்தைச் சொல்லும்போது தூண் எண், எதிரே உள்ள கடையின் பெயர், பாலத்தின் எந்தப் பக்கம் என்பவற்றைச் சொல்லுங்கள். பாலத்தின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்ற குழப்பத்தில் எத்தனையோ முறை யூ-டர்ன் எடுத்துச் சுற்றி வந்திருக்கிறோம்.

குடி நாற்றம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாயில் சாராய நாற்றம் அடிப்பதால் மயக்கத்துக்குக் காரணம் சாராயம்தான் என்று ஆகிவிடாது. ஒரு கார்த்திகை மாத மழை இரவில், நாள் முழுவதும் 'போதை' என்று எல்லாரும் கடந்து சென்ற ஒருவரின் விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 31 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே குறைவு என்போம். நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் அவர் கண் திறந்து, முதலில் தம் செருப்பு எங்கே என்று கேட்டார். வெறும் வயிற்றில் குடிப்பவர்களுக்கும், சாப்பாடு கிடைக்காமலேயே சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்பவர்களுக்கும் இது எளிதில் வரும். தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலும், வலிப்பு வந்து ஓய்ந்த பிறகும், மே மாத வெயிலில் உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் போதையாகவே தோன்றும்.

வண்டி வரும்வரை அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் மூச்சுக்குழலுக்குள் போகாது. நினைவு இல்லாதவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தவரின் கையில் சாவியைத் திணிப்பதை விட்டுவிட்டு, தலைக்குக் கீழே மடித்த துண்டை வையுங்கள். வெயிலில் கிடந்தவர், தொட்டால் சுடுகிறார் என்றால், நிழலுக்கு மாற்றி உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். அதற்கு எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பதில்: பழைய ஹவுஸ்சர்ஜன்

கேள்வி கேட்டவர் எங்கும் தவறவில்லை. முதலில் ஓர் அவசரம்: அந்த ஊசி இன்னும் கையில் இருந்தால், அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்று நாள்களுக்கு மேல் கவனிப்பில்லாமல் கிடக்கும் ஊசி வழியே கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும்.

பெயர் சொல்ல இயலாத நோயாளியை நாங்கள் 'அன்நோன்' என்று பதிவோம்: பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 60, கொண்டு வந்தவர் 108 என்று. காயம் இருந்தால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டு, வளாகத்தில் உள்ள போலீஸ் அவுட்போஸ்டுக்குத் தகவல் போகும். இப்போது பெரிய அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிலைமையின் தீவிரத்தைப் பொறுத்துப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவில் யார் கூட வந்தார்கள் என்பதற்கு இடம் இல்லை. ஆதார் வேண்டாம், ரேஷன் அட்டை வேண்டாம், பணம் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்தைப் பொறுத்தவரை வீடற்றவருக்கும் மற்றவருக்கும் நான் பார்த்தவரையில் பெரிய வேறுபாடு இல்லை.

வேறுபாடு வார்டில் தொடங்குகிறது. நம் அரசு மருத்துவமனை வார்டு என்பது, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் அட்டெண்டர், அதாவது நோயாளியோடு கூட இருக்கும் ஒருவர், இருப்பார் என்ற எதிர்பார்ப்பின் மீது நடக்கும் ஓர் ஏற்பாடு. சோறு ஊட்டுவது, சிறுநீர்க் குடுவையைக் காலி செய்வது, எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போவது, டிரிப்ஸ் முடிந்தால் சிஸ்டரைக் கூப்பிடுவது ஆகிய எல்லாமே சம்பளம் இல்லாத அந்த மனிதரின் வேலை. எழுதப்பட்ட விதி எதிலும் அவர் இல்லை. ஆனால் அவர் வராவிட்டால் வார்டு திணறும். இரவுப் பணியில் இருக்கும் ஒற்றைச் செவிலியர் "கூட யார்?" என்று கேட்பது பல நேரங்களில் இரக்கமின்மையால் அல்ல, அந்த வேலைகளையும் தாம்தான் செய்ய வேண்டும் என்ற மலைப்பினால்தான். எனவே அடுத்த முறை அவரிடம் வாதாடாதீர்கள். காலையில் ஆர்.எம்.ஓ. (உறைவிட மருத்துவ அலுவலர்) அலுவலகத்துக்குப் போய், "இந்த நோயாளிக்கு யாரும் இல்லை, நான் வழிப்போக்கன்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆதரவற்றவர் என்று பதிவான பிறகு ஊழியர்களை ஒதுக்குவதும், பிறகு காப்பகத்துக்கு அனுப்புவதும் அந்த அலுவலகத்தின் வேலையாகிவிடும்.

இனி, அவர் ஏன் போனார் என்பது. நாள்தோறும் குடிக்கும் பழக்கம் உள்ளவராக இருந்தால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கலாம். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலர் இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்து அலறுவார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் அதுவே உயிரைப் பறிக்கும். கால் புண்ணுக்காகச் சேர்த்தவர் விடியற்காலையில் ஊசியோடு ஓடிவிட்டார் என்றால், என் முதல் ஊகம் இதுதான். 'அப்ஸ்காண்டட்' என்று எழுதி மூடிவிடுகிறோம். தப்பி ஓடிய கைதியைப் போல. உண்மையில் பதினைந்து ரூபாய் மாத்திரைகளால் அடக்கியிருக்க வேண்டிய ஓர் அவதி அது. ஆகவே சேர்க்கும்போதே, "இவர் தினமும் குடிப்பவராக இருக்கலாம்" என்று மருத்துவரிடம் காதோடு சொல்லுங்கள். மேலே நண்பர் 108-இடம் சொல்ல வேண்டாம் என்றதற்கு இது முரண் போலத் தெரியும். ஆனால் மயக்கத்துக்குக் காரணமாகச் சொல்வது வேறு, பழக்கமாகச் சொல்வது வேறு. தெரிந்தால் குளுக்கோஸோடு தயமின் என்னும் பி1 வைட்டமினையும் சேர்த்துக் கொடுப்போம். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளைக்குக் கேடாக முடியலாம்.

புண்ணைப் பற்றியும் ஒரு சொல். நாற்றம் என்கிறீர்கள். புழு வைத்திருந்தால் அருவருப்பு அடையாமல் வந்து சொல்லுங்கள். டர்பன்டைன் விட்டு வெளியே எடுத்துவிடுவோம், வார்டில் அன்றாடம் நடப்பதுதான். சர்க்கரை நோயாளியின் காலாக இருந்தால் இரண்டு வாரம் தள்ளிப் போனாலே விரலில் முடிய வேண்டியது முழங்காலில் போய் முடியும்.

பதில்: வழக்குக்கட்டு

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருப்பதால் அதை மட்டும் சொல்கிறேன். 1989-இல் பரமானந்த கட்டாரா வழக்கில், விபத்தில் சிக்கிய ஸ்கூட்டர் ஓட்டியை முதலில் கொண்டு சென்ற மருத்துவமனை, போலீஸ் வழக்குகளைப் பார்க்க அனுமதி பெற்ற வேறொரு மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட, அவர் வழியிலேயே இறந்ததைப் பற்றிய செய்தியை முன்வைத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிரைக் காப்பதே முதல் கடமை. போலீஸ் நடைமுறைகள் அதற்குப் பிறகுதான். 1996-இல் வந்த மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்க வழக்கு உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தர மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவை மீறுவதாகும் என்று கூறி, நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. நிதி இல்லை என்பதை அரசு காரணமாகச் சொல்ல முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

உங்கள் எண்ணைக் கொடுத்ததால் நீங்கள் பொறுப்பாளி ஆகிவிடவில்லை. கட்டணத்துக்கோ கவனிப்புக்கோ உங்களைக் கட்டாயப்படுத்த இடம் இல்லை. ஆனால் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். உதவி செய்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை, அவரைக் காக்க வைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவில் வருவது. அது சாலை விபத்துக்கு மட்டுமே உரியது. அதேபோல 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் வெளி மாநிலத்தவருக்கும்கூட முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இதுவும் சாலை விபத்துக்குத்தான். நடைபாதையில் தூங்கியவர் மீது வண்டி ஏறினால் இத்திட்டம் பொருந்தும், அங்கேயே அவருக்கு மாரடைப்பு வந்தால் பொருந்தாது.

மனநலம் பாதிக்கப்பட்டுத் திரிபவராக இருந்தால் வழி வேறு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆம் பிரிவு: தம்மைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை; லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவருக்கு இச்சிகிச்சை இலவசம் என்பதை அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு சொல்கிறது.

பதில்: நேர்ப்பேச்சு

எல்லாரும் அவரை எப்படிச் சேர்ப்பது என்றே பேசுகிறீர்கள். அவர் நினைவோடு எழுந்து நடந்து தம் இடத்துக்குப் போயிருக்கிறார். வர விருப்பமா என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? நினைவு தெளிந்த ஒரு மனிதர் வேண்டாம் என்றால், அவருக்கு வீடு இல்லை என்பதாலேயே தூக்கிப் போக நமக்கு உரிமை வந்துவிடுமா?

பதில்: இராத்தங்கல்

நேர்ப்பேச்சு கேட்டது சரியான கேள்வி. விடையையும் அவரிடமே கேட்க வேண்டும். நான் நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் ஒன்றில் பணிபுரிகிறேன். டாக்டர் ஐயா சொன்ன காரணம் உண்மைதான். ஆனால் எங்களிடம் வருபவர்கள் மருத்துவமனையிலிருந்து ஓடியதற்குச் சொல்லும் முதல் காரணம் மூட்டை. ஐயா, உங்கள் பெரியவர் ஒரு சாக்கு மூட்டையின் மேல் சாய்ந்திருந்தார் என்று எழுதினீர்கள். வண்டியில் ஏற்றியபோது அந்த மூட்டை என்ன ஆயிற்று? அதைப் பற்றி உங்கள் பதிவில் பிறகு ஒரு சொல்லும் இல்லை. அதில் மூன்று நான்கு நாள் பொறுக்கிய சரக்கு இருக்கும். போர்வை, மாற்றுத் துணி, சில நேரம் பழைய வாக்காளர் அட்டை, ஒரு மகளின் எண் எழுதிய சீட்டு ஆகியவையும் இருக்கும். விடிந்தால் துப்புரவு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். அவர் விடியற்காலையில் போனதாக நீங்களே சொல்கிறீர்கள்.

108-இல் மூட்டையை ஏற்ற மாட்டார்கள், வார்டில் வைக்கவும் விட மாட்டார்கள். பக்கத்துக் கடையில் ஒப்படைத்து, "உங்கள் மூட்டை இன்னார் கடையில் இருக்கிறது" என்று அவருக்கு நினைவு தெளிந்ததும் சொல்லுங்கள். அவர் காதில் விழும்படி கடைக்காரரே தொலைபேசியில் சொன்னால் இன்னும் நல்லது. இதை நாங்கள் தெரிந்துகொள்ளவே சில ஆண்டுகள் ஆயின.

இன்னொன்று, சீட்டுகள். தெருவில் தூங்குபவர்களுக்கு நாய்க்கடி மிகுதி. அரசு மருத்துவமனையில் தோலில் போடும் வெறிநாய்க்கடி ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போட வேண்டும். கிழமையே தெரியாமல் வாழ்பவர் 28-ஆம் நாளை எப்படி எண்ணுவார்? நாங்கள் சீட்டைக் கழுவிய பால் பாக்கெட்டுக்குள் வைத்து, வாயைத் தீக்குச்சியால் ஒட்டி, இடுப்புக் கயிற்றில் கட்டிவிடுகிறோம். அடுத்த தேதியை டீக்கடைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு வருவோம்.

காப்பகங்களைப் பற்றிப் பெரிதாக நம்பிக்கை தர எனக்கு வாய் வரவில்லை. லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. சென்னையில் மருத்துவமனை வளாகங்களுக்குள்ளேயே மாநகராட்சிக் காப்பகங்கள் இருக்கின்றன. ஆனால் அவை நோயாளியோடு வந்தவர்கள் தங்குவதற்கு. காலில் கட்டோடு டிஸ்சார்ஜ் ஆனவர் எங்கே போவது? சாதாரணக் காப்பகத்தில் தாமே நடந்து கழிப்பறைக்குப் போகக்கூடியவரைத்தான் சேர்ப்பார்கள், ஏனென்றால் அங்கே செவிலியர் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் இதற்கென்றே பார்பரா மெக்கின்னிஸ் இல்லம் என்று 104 கட்டில்களோடு ஒரு வீடு நடக்கிறது. மருத்துவமனையில் இருக்கும் அளவுக்கு நோய் இல்லாத, தெருவில் கிடக்கும் அளவுக்கு உடல் தேறாதவர்களுக்கானது. இங்கே மனநலம் பாதித்த வீடற்றவர்களுக்கு அரசின் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் சில மாவட்டங்களில் வந்திருக்கின்றன. கால் புண்காரருக்கு அப்படி ஓர் இடத்தை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிழக்குத்திண்ணை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. இராத்தங்கல் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு அன்றிரவே போய்க் கேட்டேன். மூட்டைதான். 22 கிலோ அட்டையும், அதன் அடியில் ஒரு தகர டப்பாவில் மனைவியின் புகைப்படமும் இருந்தன. எப்படித் திரும்பினீர்கள் என்றதற்கு, நடந்து வந்ததாகச் சொன்னார். அந்தக் காலோடு ஆறு கிலோமீட்டர். தினமும் இரவில் ஒரு குவார்ட்டர் குடிப்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மருத்துவமனைக்கு மறுபடி வர ஒப்புக்கொள்ள நான்கு நாள்கள் ஆயின. அதற்குள் அருகில் உள்ள சுகாதார நிலையத்தில் ஊசியை எடுத்துவிட்டு, கட்டு மாற்றி, சர்க்கரை பார்த்தார்கள்; 380 இருந்தது. போன செவ்வாய்க்கிழமை டீக்கடைக்காரர் முன்னிலையில் மூட்டையைக் கடைக்குப் பின்னால் வைத்துக் கயிறு கட்டினோம். முடிச்சை அவரே போட்டார். டப்பாவை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார், வார்டில் யாரும் தடுக்கவில்லை. குடிப்பழக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிட்டேன், ஆர்.எம்.ஓ. அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றோடு எட்டு நாள்கள், அங்கேயேதான் இருக்கிறார். வருகிற திங்கட்கிழமை அனுப்பிவிடலாம் என்கிறார்கள். ஆனால் ஊன்றுகோல் இல்லாமல் பத்தடிகூட நடக்க முடியவில்லை. அம்மா, உங்கள் காப்பகத்தில் இப்படிப்பட்டவரைச் சேர்க்க வழி உண்டா?

பதில்: இராத்தங்கல்

தரைத்தளத்தில், கழிப்பறையை ஒட்டி ஒரு கட்டில் இருக்கிறது. அதில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சீட்டையும் ஒரு வாரத்துக்கான மாத்திரைகளையும் வாங்கிக்கொண்டு, மாலை ஐந்து மணிக்குள் வாருங்கள். அதற்குப் பிறகு பதிவேடு எழுதுபவர் இருக்க மாட்டார். கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக ஆள் வேண்டும். செவ்வாயும் சனியும் நான் போகிறேன், வியாழக்கிழமை உங்களால் முடியுமா என்று சொல்லுங்கள். மூட்டையையும் எடுத்து வரச் சொல்லுங்கள், படிக்கட்டின் கீழே இடம் இருக்கிறது.